வேலை சுருங்கிய ஆண்டில் ஒரு மாடல் ஒருங்கிணைப்புச் சேவை: ஓராண்டுச் சந்தாவின் மதிப்புரை

சென்னை வடபழனியில் இயங்கும் ஒரு சிறிய ஸ்டுடியோ மாடல்களுக்கென நடத்திவரும் ஓராண்டுச் சந்தாச் சேவையை, 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை நான் முழுமையாகப் பயன்படுத்தினேன். சந்தாத் தொகை 28,000 ரூபாய். வேலை தருவோரிடம் காட்டும் படத்தொகுப்புக்கான ஒருநாள் போர்ட்ஃபோலியோ ஷூட், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படும் ஒப்பனையில்லாப் படங்கள், துணிக்கடைகளுக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் நம் விவரங்களை அனுப்பிவைக்கும் ஒருங்கிணைப்பு, முடிந்த வேலைக்குப் பில் போட்டுப் பணம் வரும்வரை கேட்டுக்கொண்டிருக்கும் கணக்குப் பணி ஆகிய நான்கும் அதில் அடங்கும். அவர்கள் வழியாக வரும் வேலைக்கு 15 விழுக்காடு கமிஷன் தனி. குறைகளையும் வெளிப்படையாக எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே வகைச் சேவையை வழங்குவோர் சாலிகிராமத்திலும் கோடம்பாக்கத்திலும் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை எடைபோட இந்த அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

எனக்கு வயது 36. பதின்மூன்று ஆண்டுகளாகப் புடவைக் கேட்டலாக், துணிக்கடைகளின் செய்தித்தாள் விளம்பரம், அவ்வப்போது நகைக்கடை விளம்பரம் என்றே வேலை செய்துவருகிறேன். ராம்ப் நடை என் துறையில்லை. திரைப்பட வாய்ப்பையும் நான் தேடியதில்லை. ஆகவே இந்த மதிப்புரை, நட்சத்திரமாக விரும்புகிறவர்களுக்கு அதிகம் பயன்படாது. மாதச் செலவையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் இந்த வருமானத்தை நம்பி வைத்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்தச் சேவையில் சேர்ந்த காரணத்தைச் சொன்னால்தான் என் மதிப்பீட்டின் அளவுகோல் புரியும். சென்னையில் எங்கள் வேலைக்கு ஒரு நாட்காட்டி உண்டு. ஆடித் தள்ளுபடி விளம்பரங்களை ஆனி மாதத்திலேயே எடுத்துவிடுவார்கள். தீபாவளிக்கான படங்கள் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் எடுக்கப்படும். தை, வைகாசி, ஆவணி மாதத் திருமணங்களை முன்னிட்டுப் பட்டுப்புடவைப் படங்களும், அட்சய திருதியையை முன்னிட்டு நகைப் படங்களும் வரும். இந்த நாட்காட்டியில் ஒரு பருவம் விழுந்தாலும் அந்த ஆண்டின் கணக்கே சரிந்துவிடும். 2020இல் அதைப் பார்த்தோம். மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது; ஏப்ரல் 26 அன்று வந்த அட்சய திருதியையின்போது நகைக்கடைகள் பூட்டிக் கிடந்தன; அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 24 விழுக்காடு சுருங்கியது. அந்த ஆண்டு எனக்கு ஐந்து மாதங்களில் ஒரு நாள் வேலைகூட இல்லை.

ஆனால் அப்படி ஒரேயடியாக நின்றுபோவதைவிட, மெல்ல மெல்லத் தேய்வதைச் சமாளிப்பது கடினம். வியாபாரம் மந்தமானால் ஒரு கடைக்காரர் வாடகையையும் சம்பளத்தையும் உடனே குறைக்க முடியாது. விளம்பரத்தை மறுநாளே குறைக்கலாம். முதலில் முழுப்பக்க விளம்பரம் அரைப்பக்கமாகும். பிறகு புதிதாக ஷூட் வைக்காமல் சென்ற ஆண்டுப் படத்தையே பின்னணி மாற்றிப் போடுவார்கள். அதன் பிறகு மனிதர்களே இல்லாமல் புடவைகளை மட்டும் அடுக்கிவைத்து எடுப்பார்கள். எனக்கு 2023இல் 70 நாள் வேலை இருந்தது. 2024இல் அது 52 ஆகக் குறைந்தது. அத்தோடு, நாளுக்கு 12,000 ரூபாய் கொடுத்துவந்த இடங்கள் 9,000 என்றும் 8,000 என்றும் பேசத் தொடங்கின. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான கூடுதல் இறக்குமதி வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் அனுப்பும் திருப்பூர் கலங்கியது. ஏற்றுமதி ஆடைகளுக்கு நாங்கள் படம் பிடித்துக்கொள்வதில்லை என்றாலும், அதே முதலாளிகள் நடத்தும் உள்நாட்டு நைட்டி, லெக்கிங்ஸ் பிராண்டுகளின் கேட்டலாக் வேலைதான் எனக்கு ஆண்டுதோறும் பத்து நாட்களேனும் கிடைத்துவந்தது. அவர்கள் அந்த ஷூட்டைத் தேதி சொல்லாமல் ஒத்திப்போட்டுவிட்டார்கள்.

இத்தகைய காலத்தில்தான் மாடல்களிடம் பணம் பறிப்போர் பெருகுகிறார்கள் என்பதால், சேர்வதற்கு முன்பு நான் அதிகம் யோசித்தது கட்டணத்தைப் பற்றியே. “ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் கட்டினால் அடுத்த வாரமே பெரிய கடை விளம்பரம்” என்று சொல்பவர்களை எங்கள் துறையில் இருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது சந்தித்திருப்போம். அவர்களுக்கு வருமானம் மாடலிடமிருந்து வருகிறது. நமக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்களுக்கு நட்டமில்லை. மாடலுக்கும் கடைக்கும் நடுவே நின்று வேலை பேசித் தந்து, கமிஷனை நம்பி வாழும் கோஆர்டினேட்டருக்கோ நமக்கு வேலை கிடைத்தால்தான் காசு. நான் சேர்ந்த இந்த ஸ்டுடியோ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: சந்தாவும் வாங்குகிறது, கமிஷனும் வாங்குகிறது. அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. இருப்பினும் முதல் சந்திப்பிலேயே அங்கிருந்த மேலாளர், சந்தாத் தொகையில் எவ்வளவு எதற்குப் போகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். போர்ட்ஃபோலியோ ஷூட்டுக்கு 16,000, காலாண்டுப் படங்களுக்கு 3,000, ஒருங்கிணைப்புக்கும் பில் வேலைக்கும் 9,000. வேலைக்கு உத்தரவாதம் எதுவும் தர முடியாது என்றும் அந்தத் தாளிலேயே எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கட்டினேன்.

முதலில் போர்ட்ஃபோலியோ ஷூட். இந்தச் சேவையில் எனக்கு மிகக் குறைவாகப் பயன்பட்டது இதுதான், செலவில் பெரும்பங்கும் இதுவேதான். நான்கு உடைகள், இரண்டு ஒப்பனைகள், நாற்பது படங்கள் என்று பேச்சு. ஒப்பனைக் கலைஞர் திறமையானவர். என் நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பாக்காமல் என் நிறத்திலேயே முகத்தை நிறுத்தினார் என்பதற்காக அவரை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் புகைப்படக் கலைஞர் எடுத்த படங்கள் ஒரு திருமண ஆல்பத்துக்குரியவை. விளக்கு எல்லாம் மஞ்சள் சாய்ந்த வெளிச்சம். தோலில் ஒரு துளைகூடத் தெரியாத அளவுக்குப் படத்தைத் தேய்த்து மெருகேற்றியிருந்தார்கள். நான் கொண்டுபோயிருந்த அரக்குப் பட்டுப்புடவை படத்தில் தக்காளிச் சிவப்பாக வந்திருந்தது.

இது சிறிய குறையாகத் தோன்றலாம். புடவை விற்கிறவருக்கு இது சிறிய குறையில்லை. இணையத்தில் வாங்கும் வாடிக்கையாளர் நிறம் மாறியிருக்கிறது என்று சொல்லிப் புடவையைத் திருப்பி அனுப்புவதுண்டு. கூரியர் செலவு இரண்டு வழியும் கடைக்காரர் தலையில் விழுகிறது. வியாபாரம் நன்றாக இருந்த காலத்தில் கேட்டலாக் மேலாளர்கள் மாடலின் முகத்தைப் பார்த்தார்கள். இப்போது அந்த மாடல் உடுத்தியிருக்கும் துணி உள்ளபடி தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். மயில்கழுத்து நிறப் புடவையில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறமும் குறுக்கே ஓடும் ஊடை நூல் வேறொரு நிறமுமாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேராக நின்றால் ஒரு நிறம் மட்டுமே தெரியும். தோளை இலேசாகத் திருப்பி, முந்தியை முழங்கையில் சற்றுத் தளர்த்திப் பிடித்தால்தான் இரண்டும் ஒரே படத்தில் விழும். இப்படிப்பட்ட ஒரு படமாவது என் போர்ட்ஃபோலியோவில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். மறு ஷூட்டுக்கு 6,000 ரூபாய் கேட்டார்கள், நான் மறுத்துவிட்டேன். நாற்பதில் ஏழு படங்களை மட்டுமே ஓராண்டில் நான் யாருக்காவது அனுப்பியிருக்கிறேன்.

அதே ஸ்டுடியோவின் காலாண்டுப் படங்கள் இதற்கு நேர்மாறு. மொட்டைமாடியில், காலை வெளிச்சத்தில், ஒப்பனை இல்லாமல், தலைமுடியை இழுத்துப் பின்னிக் கட்டி, உடம்போடு ஒட்டிய சாதாரண உடையில் நேராக, பக்கவாட்டில், பின்புறமாக எடுக்கிறார்கள். இந்த வகைப் படத்தை எங்கள் துறையில் இன்னமும் போலராய்டு என்றே சொல்கிறோம். முழுவதும் முடிய இருபது நிமிடம் போதும். இவற்றோடு கை, காது, கழுத்து ஆகியவற்றை அருகில் வைத்துத் தனித்தனியாக எடுத்துக்கொடுத்ததுதான் எனக்குப் புதிய வழியைத் திறந்தது. நகை விளம்பரத்தில் முகத்துக்கு ஒரு நடிகையை ஒப்பந்தம் செய்துவிடுவார்கள். ஆனால் வளையல், மோதிரம், ஜிமிக்கி, அட்டிகை என்று நூற்றுக்கணக்கான உருப்படிகளை இணையதளத்தில் ஏற்ற வேண்டியிருக்கும், அவற்றுக்கு வேறு கைகளும் கழுத்துகளும் தேவைப்படும். முகம் வராத வேலை என்று நானே பல ஆண்டுகள் இதை ஒதுக்கியிருந்தேன். அதற்கு வயதுக் கணக்கு கிடையாது. ஒரு கடைக்குக் கை கொடுத்தால் எதிர்க்கடை கோபித்துக்கொள்வதும் கிடையாது. 2025இல் எனக்குக் கிடைத்த வேலைநாட்களில் ஒன்பது இப்படிக் கை, கழுத்துக்காக மட்டும் வந்தவை. இதற்கென்று சில ஒழுக்கங்கள் வேண்டும்: மருதாணி வைத்தால் நிறம் போகும்வரை, பத்து நாட்களுக்கேனும் கைப்படம் கிடையாது; சமையலில் எண்ணெய் தெறித்த சிறு தழும்புகூடப் பெரிதாகத் தெரியும்; காதுத்துளை கீழிறங்கியிருந்தால் கனமான ஜிமிக்கி சரியாக நிற்காது. இவற்றை அங்கே விளக்கிச் சொன்னவர், அலுவலகத்தில் கணக்கு எழுதும் ஒரு மூத்த பெண்மணி. அவரே ஒரு காலத்தில் கை மாடலாக இருந்தவர்.

அந்தப் பெண்மணியின் பணியைத்தான் இந்தச் சேவையின் உயிராக நான் கருதுகிறேன். சேர்ந்த இரண்டாம் வாரம் அவர் என்னிடம் பழைய பாக்கிகளின் பட்டியலைக் கேட்டார். நினைவிலிருந்து சொன்னேன். “பில் எங்கேம்மா? பில் அனுப்பாம பணத்தை மட்டும் எப்படி எதிர்பார்க்கிறது?” என்று கேட்டார். பதின்மூன்று ஆண்டுகளில் நான் முறையாகப் பில் அனுப்பிய வேலைகள் பாதிகூட இருக்காது. வாட்ஸ்அப்பில் தேதியும் தொகையும் பேசுவோம், வேலையை முடிப்போம், பணம் வரும் என்று காத்திருப்போம். நல்ல காலத்தில் அது முப்பது நாளில் வந்தது. வியாபாரம் சுருங்கும்போது கடைக்காரர் யாருக்கு முதலில் பணம் கொடுக்கிறார் என்று பார்த்தால், எழுத்தில் கேட்டவருக்கும், மீண்டும் மீண்டும் கேட்டவருக்கும்தான்.

அவர் எனக்குச் செய்துவைத்த முதல் வேலை உத்யம் பதிவு. தனிநபராகச் சேவைத் தொழில் செய்கிறவரும் ஆதார், பான் எண்களைக் கொண்டு மத்திய அரசின் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். 2020 ஜூலை 1 முதல் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. இதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தனியார் தளங்கள் அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டுகின்றன, ஆகவே முகவரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, இப்படிப் பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களிடம் பொருளோ சேவையோ பெற்றவர், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள்ளும், எப்படியாயினும் 45 நாட்களைத் தாண்டாமலும் பணம் கொடுக்க வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். அப்போது கடைக்காரரின் கணக்காளரை அசைத்தது இந்த வட்டியைக் காட்டிலும் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் இருந்த 43பி(எச்) பிரிவுதான். 2023-24 நிதியாண்டிலிருந்து அமலுக்கு வந்த அந்தப் பிரிவின்படி, குறித்த காலத்துக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும். ஆகவே பில்லின் தலைப்பில் உத்யம் எண்ணும், அடியில் இந்தச் சட்டத்தைக் குறிப்பிடும் ஒரு வரியும் அச்சிட்டு அனுப்பத் தொடங்கினோம். மிரட்டல் எதுவும் தேவைப்படவில்லை. மார்ச் மாதக் கணக்கு முடிவதற்குள், 2024இலிருந்து நிலுவையில் இருந்த 46,000 ரூபாய் மூன்று இடங்களிலிருந்து வந்து சேர்ந்தது. சந்தாவுக்குச் செலவழித்ததைவிட இது அதிகம்.

இன்னொரு ஏற்பாடும் குறிப்பிடத்தக்கது. பல கோஆர்டினேட்டர்கள் வாடிக்கையாளரிடம் மொத்தத் தொகையைத் தாங்கள் வாங்கிக்கொண்டு, கமிஷனைக் கழித்து மிச்சத்தை நமக்குத் தருவார்கள். உண்மையில் எவ்வளவு பேசினார்கள் என்று நமக்குத் தெரியாது. இங்கே பில் என் பெயரில் போகிறது, பணம் என் கணக்குக்கு வருகிறது, கமிஷனுக்கு அவர்கள் எனக்குத் தனியாகப் பில் தருகிறார்கள். இதனால் இன்னொரு நன்மை உண்டு. விளம்பரத்துக்காக மாடலுக்குக் கொடுக்கும் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால், 2025இல் இருந்த 194ஜே பிரிவின்கீழ் 10 விழுக்காடு வரி பிடித்தார்கள். கோஆர்டினேட்டர் பெயரில் பணம் போனால் அந்த வரிப் பிடித்தமும் அவருடைய பான் எண்ணில்தான் ஏறும். என் பெயரில் வந்தால் வரித்துறையின் வரிப்பிடித்தப் பதிவில் எனக்கே தெரியும், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கமான வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை என்பதால், எங்களைப் போன்றோரிடம் பிடித்த தொகை முழுவதும் திரும்பவேண்டிய பணம். வேலையில்லாத மாதத்தில் அது வீட்டுக்கு வரும் சேமிப்பாகும். வரிக் கணக்குத் தாக்கல் சந்தாவில் அடங்காது, அதற்கு ஆடிட்டரிடம் தனியாக 1,500 ரூபாய் கொடுத்தேன்.

அடுத்தது பயன்பாட்டு உரிமை. வேலை குறைந்திருக்கும்போது நாம் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். அதன் விளைவு அடுத்த ஆண்டில்தான் தெரியும். செய்தித்தாளில் ஒருமுறை என்று எடுத்த படம் ஹோர்டிங்கில் வரும், பேருந்தின் பின்புறத்தில் வரும், மூன்று ஆண்டுகள் கழித்தும் பையின் மேல் அச்சாகியிருக்கும். நம் படத்தையே அவர்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியுமென்றால் புதிய ஷூட் எதற்கு? நமக்கு வரவேண்டிய வேலையை நம் பழைய படமே தின்றுவிடுகிறது. இந்த ஸ்டுடியோ ஒரே பக்கத்தில் ஒரு நிபந்தனைத் தாள் வைத்திருக்கிறது: எந்த ஊடகம், எந்தப் பகுதி, எத்தனை மாதம், அதற்கு மேல் போனால் எவ்வளவு கூடுதல் என்பவை மட்டும். எளிய தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. துணிக்கடைகளில் பத்தில் மூன்று பேர்தான் அதில் அப்படியே கையெழுத்திட்டார்கள். மற்றவர்கள் பேசிக் குறைத்தார்கள். ஆனால் பேசவேண்டிய விஷயம் என்று அது மேசைக்கு வந்ததே பெரிது. சென்ற தீபாவளிக்கு எடுத்த ஒரு படத்தைப் பொங்கலுக்கும் பயன்படுத்த விரும்பிய புரசைவாக்கம் கடை ஒன்று, ஷூட் இல்லாமலே எனக்கு 4,000 ரூபாய் கொடுத்தது. இத்தனை ஆண்டுகளில் அப்படி ஒரு தொகை எனக்கு வந்தது அதுவே முதல் முறை.

அந்தத் தாளின் கடைசி வரி, என் படங்களைக் கொண்டு கணினியில் என் உருவத்தைச் செயற்கையாக உருவாக்குவதானால் தனிச் சம்மதமும் தனிக் கட்டணமும் வேண்டும் என்கிறது. இது மிகைப்பட்ட அச்சமில்லை. ஜீன்ஸ் தயாரிக்கும் லீவைஸ் நிறுவனம் செயற்கை நுண்ணறிவு மாடல்களைச் சோதிக்கப்போவதாக 2023லேயே அறிவித்தது. 2025இல் எச் அண்ட் எம் ஆடை நிறுவனம், 30 மாடல்களின் மின்னணு இரட்டைகளை, அதாவது அவர்களைப் போலவே இருக்கும் கணினி உருவங்களை, அவர்களுடைய சம்மதத்தோடு உருவாக்கப்போவதாகச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாத அமெரிக்க வோக் ஃபேஷன் இதழில் கெஸ் ஆடை நிறுவனத்தின் விளம்பரத்தில், உண்மையில் இல்லாத, கணினி படைத்த ஒரு பெண் நின்றாள். நியூயார்க் மாநிலத்தில் 2025 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம், மாடலின் மின்னணு உருவத்தைப் பயன்படுத்த எழுத்துபூர்வமான தனிச் சம்மதம் பெறவேண்டும் என்கிறது. நம் நாட்டில் நடிகர்கள் தங்கள் உருவத்தைக் காக்க நீதிமன்றத் தடை பெற்றிருக்கிறார்கள். பெயர் தெரியாத கேட்டலாக் மாடலுக்குக் கையில் இருப்பது ஒப்பந்தத் தாள் ஒன்றுதான். நுங்கம்பாக்கத்தில் ஒரு இணையப் புடவை விற்பனையாளர், ஒரு நாள் எடுத்த என் படங்களின்மேல் அடுத்த ஆறு மாதப் புடவைகளையும் மென்பொருளால் உடுத்திக் காட்டலாமா என்று கேட்டார். அவருடைய நெருக்கடி எனக்குப் புரிந்தது. நாளுக்கு இருபத்தைந்து புடவை என்று ஷூட் வைத்தாலும் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆயினும் அந்த வரி தாளில் இருந்ததால் மரியாதையாக மறுக்க முடிந்தது. அந்த வேலை கைவிட்டுப்போனது உண்மை.

இங்கே ஸ்டுடியோவின் முரண் ஒன்றையும் சொல்ல வேண்டும். கடைகளிடம் இவ்வளவு தெளிவாக உரிமை கேட்கும் அவர்கள், மாடலோடு போடும் ஒப்பந்தத்தில், போர்ட்ஃபோலியோ படங்கள் ஸ்டுடியோவின் சொத்து என்று எழுதியிருந்தார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். மாறான ஒப்பந்தத்தில் நானே கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும். அந்த வரியை நீக்கச் சொன்னேன்; இரண்டு நாள் யோசித்து நீக்கிக் கொடுத்தார்கள். சேர்கிறவர்கள் எல்லோரும் இதைக் கேட்க வேண்டும்.

ஒருங்கிணைப்புப் பணி சராசரி. எங்கே வேலை இருக்கிறது என்ற செய்தி விரைவாக வருகிறது. ஆனால் யாருக்கு எது பொருந்தும் என்ற தேர்வு போதவில்லை. முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் எல்லோருக்கும் “அம்மா” வேடத்தையே அனுப்புகிறார்கள். அந்த வேலையை நான் குறைவாகக் கருதவில்லை; சமையல் எண்ணெய், காப்பீடு, மருத்துவமனை விளம்பரங்கள் மந்த காலத்திலும் நிற்பதில்லை என்பதால், அவற்றில் நான்கு வேலைகளை நானே விரும்பி ஏற்றேன். ஆயினும் கைத்தறிக் கடைகளும் பருத்திப் புடவை விற்போரும் இப்போது என் வயதுப் பெண்களையே தேடுகிறார்கள், ஏனென்றால் அவர்களுடைய வாடிக்கையாளர்களும் அந்த வயதினர். அந்தத் தொடர்புகளை ஸ்டுடியோவைவிட நானே அதிகம் தேடிப் பிடித்தேன்.

மே மாதம் நடந்த ஒன்றை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை. அங்கிருந்த இளம் ஊழியர் ஒருவர் என் ஒப்பனையில்லாப் படங்களையும் உடல் அளவுகளையும், என்னைக் கேட்காமல், நூற்றுக்கணக்கானோர் இருக்கும் ஒரு கோஆர்டினேட்டர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். தெரியாத எண்களிலிருந்து இரவில் அழைப்புகள் வந்தன. புகார் செய்ததும் மேலாளர் வருத்தம் தெரிவித்தார், ஆனால் நடவடிக்கை எடுக்க இரண்டு வாரம் ஆனது. இப்போது யாருக்கு அனுப்புகிறோமோ அவர்களின் பெயரைப் படத்தின் குறுக்கே பதித்து, மாடலின் ஒப்புதல் பெற்ற பிறகே அனுப்புகிறார்கள். செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வாடகை வீட்டில் நடந்த ஷூட்டில், உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை இல்லை; அவசரத்துக்கு என்று கொடுக்கப்பட்ட ஸ்டுடியோ எண்ணை நான்கு முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. என்னோடு வந்திருந்த புடவை கட்டிவிடும் பெண்மணி படுக்கைவிரிப்பைத் திரைபோலப் பிடித்துக்கொண்டு நின்றார். பணியிடத்தில் பெண்களுக்கான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களைப் பற்றி மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் அளிக்கலாம் என்று அதில் வழி இருக்கிறது. அந்த விவரத்தையும், தனி அறை கட்டாயம் என்பதையும் நிபந்தனைத் தாளில் சேர்க்கும்படி எழுத்தில் கேட்டிருக்கிறேன். டிசம்பர் முடியும்வரை சேர்க்கவில்லை. வேலை வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கும் இளம் பெண்கள் இதையெல்லாம் கேட்கத் தயங்குவார்கள் என்பதால், கேட்காமலே கொடுக்கவேண்டிய கடமை ஸ்டுடியோவுக்கு உண்டு.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2025இல் எனக்கு 49 நாள் வேலை கிடைத்தது. அவற்றில் 21 நாட்கள் இவர்கள் வழியாக வந்தவை. நாளுக்குச் சராசரி 9,000 என்ற அளவில் 1,89,000 ரூபாய். கமிஷன் 28,350, சந்தா 28,000 இரண்டையும் கழித்தால் கையில் நின்றது 1,32,650. பழைய பாக்கி 46,000 தனி. அந்த 21 நாட்களில் இரண்டு, எனக்கு முன்பே பழக்கமான கடைகளிலிருந்து வந்தவை. அவற்றுக்கும் கமிஷன் வாங்கிக்கொண்டார்கள் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே இருக்கும் வாடிக்கையாளர்களின் பட்டியலைச் சேரும் நாளிலேயே எழுதிக் கொடுத்து, அவர்களுக்குக் கமிஷன் இல்லை என்று ஒப்புக்கொள்ள வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யத் தவறிவிட்டேன். வேலைநாட்கள் முந்தைய ஆண்டைவிட மூன்று குறைந்தன. ஆனால் 2024இல் செய்த வேலையில் ஏறத்தாழக் கால்பங்குக்குப் பணம் வராமல் அந்த ஆண்டை முடித்தேன். 2025 டிசம்பர் 31 அன்று நிலுவையில் இருந்தது இரண்டே பில்கள்.

2026க்கு ஒருங்கிணைப்பையும் பில் வேலையையும் மட்டும் 9,000 ரூபாய்க்கும், காலாண்டுப் படங்களை 3,000 ரூபாய்க்கும் புதுப்பித்திருக்கிறேன். போர்ட்ஃபோலியோவை அவர்கள் கட்டாயப்படுத்தவில்லை. பழைய வாடிக்கையாளர் பட்டியலில் பதினொரு கடைகளின் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். புதிதாகச் சேர நினைப்பவர்கள் பொங்கல் முடிந்த பத்து நாட்களுக்குள் போவது நல்லது. கோடைப் பருத்திக் கேட்டலாக்குகளுக்கு ஆள் தேடும் பேச்சு அப்போதுதான் தொடங்குகிறது. ஞாயிறும் திங்களும் அலுவலகத்தில் கணக்குப் பெண்மணி இருக்கமாட்டார். மொட்டைமாடியில் வெளிச்சம் காலை ஒன்பது மணிக்கு முன்பு மென்மையாக விழுகிறது. படமெடுக்கப் போகும்போது அரக்கு நிறப் புடவை ஒன்றையும் எடுத்துச் சென்று, எடுத்த படத்தைப் புடவைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு கீழே இறங்கி வாருங்கள்.